ஆளுக்கு ஒரு பெயர்

தமிழகத்தை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் நம்மவரில் பலர் கணக்கு எழுதியும், கடிதங்கள் தட்டச்சு செய்தும், சரக்கிருப்பைக் கவனித்தும் வாழ்க்கை நடத்துகின்றனர். முன்னாளில் இவ்வேலைகளுக்குப் பேரேடும் தட்டச்சுப் பொறியும் கருவிகளாக இருந்தன. இன்று அவை இரண்டும் சர்வர் என்னும் ஒரே கணினிக்குள் அடங்கிவிட்டன. சர்வர் மும்பையில் இருக்கலாம். அதில் வேலை செய்பவர் நாகபுரியிலோ இந்தூரிலோ அமர்ந்திருக்கலாம். அவர் முன்னே இருப்பவை திரையும் விசைப்பலகையுமே. வேலை நடப்பதெல்லாம் தொலைவில். இந்த ஏற்பாட்டையே ரிமோட் டெஸ்க்டாப் என்கிறோம்.

இதில் நுழைவதற்கு ஒரு பயனர் பெயரும் ஒரு கடவுச்சொல்லும் வேண்டும். பல சிறு அலுவலகங்களில் ஐந்து பேருக்கும் பத்துப் பேருக்கும் சேர்த்து ஒரே பெயரைக் கொடுத்துவிடுகிறார்கள். கடவுச்சொல்லைத் துண்டுக் காகிதத்தில் எழுதி மேசைக் கண்ணாடியின் கீழ் வைத்திருப்பதும் உண்டு. இவ்வழக்கம் எத்தகையது, இதனால் யாருக்கு நட்டம், இதை எவ்வாறு மாற்றலாம் என்பவற்றை இன்று ஆராய்வோம்.

பலர் ஒரே இயந்திரத்தைப் பகிர்ந்துகொள்வது புதிதன்று. 1961ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில் பெர்னாண்டோ கார்பட்டோ என்ற அறிஞரின் தலைமையில் பலர் ஒரே காலத்தில் பயன்படுத்தக்கூடிய கணினி அமைப்பு ஒன்று உருவாயிற்று. ஒருவர் கோப்பை மற்றொருவர் தொடாதிருக்கவே அங்கு ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுக்கப்பட்டது. இயந்திரம் பொது; பெயர் தனி. இந்த வேறுபாட்டை நாம் மனத்திற் கொள்ள வேண்டும்.

பொதுப்பெயரை ஆதரிப்போர் முதலிற் சொல்லும் காரணம் சிக்கனம். பெயர் ஒன்றானால் உரிமக் கட்டணமும் ஒன்றுதானே என்கிறார்கள். இது சரியன்று. விண்டோஸ் சர்வரில் ரிமோட் டெஸ்க்டாப் உரிமம் ஆளுக்கு ஒன்று அல்லது கருவிக்கு ஒன்று என்ற கணக்கில் வாங்கப்படுவது. பத்துப் பேர் ஒரே பெயரில் நுழைந்தாலும் ஆட்கள் பத்துப் பேரே. தனி உரிமமின்றி இரண்டு இணைப்புகள் கிடைப்பது உண்மை. ஆனால் அவை சர்வரை நிர்வகிப்பதற்கே உரியவை, அன்றாட அலுவலுக்கு அல்ல. உண்மையாகவே சிக்கனம் வேண்டுவோருக்கு வேறு வழி உண்டு. காலை முறை, மாலை முறை என்று மூவர் ஒரே மேசைக் கணினியில் மாறி மாறி அமர்கின்றனர் என்றால் கருவிக்கு ஒன்றாக உரிமம் வாங்கினாற் போதும். அப்போதும் மூவருக்கும் தனித்தனிப் பெயர் வைத்துக்கொள்ளத் தடையில்லை.

இனி, அன்றாட இடையூறுகள். வழக்கமான அமைப்பில் ஒரு பெயருக்கு ஓர் அமர்வே அனுமதிக்கப்படும். ஒருவர் பாதிக் கணக்கில் இருக்கும்போது, அதே பெயரில் மற்றொருவர் நுழைந்தால் முதல்வரின் இணைப்பு அறுந்துபோகும். அவர் திறந்து வைத்த ஏடு அப்படியே இரண்டாமவர் முன் தோன்றும். இதைத் தவிர்க்கக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினாலோ, இருவரும் ஒரே மேசை அறையைக் கலைத்துக்கொண்டிருப்பர். ஒருவர் கடவுச்சொல்லைப் பலமுறை தவறாக அடித்துக் கணக்கு பூட்டப்பட்டால் பத்துப் பேரின் வேலையும் நின்றுவிடும்.

இவை பொறுத்துக்கொள்ளக்கூடிய தொல்லைகள். பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. யார் எப்போது எங்கிருந்து நுழைந்தார் என்பதைச் சர்வர் குறித்து வைக்கிறது. விண்டோஸில் 4624 என்ற எண்ணுள்ள குறிப்பு அதற்கென்றே உள்ளது. ஆயினும் அது அறிவது பெயரையே, முகத்தை அன்று. ஒரு மாலை 7 மணிக்கு ஒரு பற்றுச்சீட்டின் தொகை மாற்றப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாற்றியது ‘அக்கவுண்ட்ஸ்’ என்கிறது குறிப்பு. அப்பெயரில் ஐவர் இருக்கின்றனர். வெளியிலுள்ள சர்வருக்கு ஓர் அலுவலகத்து இயந்திரங்கள் யாவும் பெரும்பாலும் ஒரே முகவரியாகவே தோன்றும். அப்போது சந்தேகம் யார்மேல் விழும்? புதிதாக வந்தவர்மேல், உள்ளூர் மொழியில் சரளமாகப் பதில் சொல்ல இயலாதவர்மேல், பரிந்து பேச உற்றார் அருகில் இல்லாதவர்மேல். பிழைப்புத் தேடி வந்த ஊரில் நமக்கு இருக்கும் பெருஞ்செல்வம் நற்பெயர் அன்றோ? குற்றமற்றவர் தம்மைக் குற்றமற்றவரென்று மெய்ப்பிக்கும் சான்றைப் பொதுக்கணக்கு பறித்துவிடுகிறது.

சட்டமும் தனிப்பொறுப்பையே நாடுகிறது. கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியுடன் பதிவு செய்ய வேண்டும், அப்பதிவை நிறுத்தி வைக்க இயலாதிருக்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கணினிப் பதிவுகளை 180 நாட்கள் காத்து வைக்கவேண்டும் என்று செர்ட்-இன் என்ற மத்திய அமைப்பு 2022 ஏப்ரலில் ஆணையிட்டது. பிறருடைய கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. ஐவர் பெயர் ஒன்றாயிருந்தால் இப்பதிவுகளால் பயன் என்ன?

மாற்றுவது கடினமன்று. முதலில், சர்வரில் உண்மையாக வேலை செய்வோரின் பட்டியல் ஒன்று எழுத வேண்டும். ஆளுக்கொரு கணக்கு திறக்க வேண்டும். உரிமைகளை ஆளுக்குக் கொடாமல் குழுவுக்குக் கொடுப்பது நலம். கணக்குப் பிரிவு என்று ஒரு குழு அமைத்து, பொதுக்கோப்புறையை அக்குழுவுக்குத் திறந்துவிட்டால், புதியவரைக் குழுவிற் சேர்த்தவுடன் வேண்டியதெல்லாம் அவருக்குக் கிடைத்துவிடும். பொதுப்பெயரால் நாம் நாடிய வசதி இவ்வாறே முறையாகக் கைகூடுகிறது. நிர்வாகிக்குரிய கணக்கை அன்றாட வேலைக்குப் பயன்படுத்தலாகாது. ரிமோட் டெஸ்க்டாப்புக்குரிய 3389ஆம் வாயிலை இணையத்திற்கு நேரே திறந்து வைக்காமல், விபிஎன் போன்ற காவலுக்குள் வைத்து, கடவுச்சொல்லோடு இரண்டாவது சான்றும் கேட்பது அவசியம்.

வேலையை விட்டுச் சென்றவரின் கணக்கை அன்றே முடக்க வேண்டும். உடனே அழிக்க வேண்டுவதில்லை. அவருடைய கோப்புகளைப் பிறகு பிரித்தெடுக்கலாம். 2021ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் என்ற எண்ணெய்க் குழாய் நிறுவனத்திற்குள் திருடர் நுழைந்தது, பயன்பாட்டில் இல்லாதிருந்தும் மூடப்படாத ஒரு விபிஎன் கணக்கின் வழியே. அதற்கு இரண்டாவது சான்றும் கேட்கப்படவில்லை. குழாய் பல நாட்கள் நின்றது. ஏறத்தாழ 44 லட்சம் டாலர் பிணைத்தொகையாகக் கொடுக்கப்பட்டது.

சில பழைய மென்பொருள்கள் ஒரே பெயரைத்தான் ஏற்கும். அங்கே பொதுப்பெயர் தவிர்க்க முடியாதது. அப்படியானால் சர்வருக்குள் ஒவ்வொருவரும் தம் பெயரிலேயே நுழைந்து, பிறகு அம்மென்பொருளைத் திறக்கட்டும். யார் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை அதைக் கையாண்டார் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வரட்டும். அதற்குப் பொறுப்பாளர் ஒருவர் இருக்கட்டும். ஒருவர் விலகியதும் கடவுச்சொல் மாறட்டும்.

சர்வரை ஆளும் அதிகாரம் நம்மில் எல்லோருக்கும் இல்லை. ஆயினும் கேட்கும் உரிமை உண்டு. எனக்கெனத் தனிக்கணக்கு வேண்டும் என்று மேலதிகாரிக்கு எழுத்து மூலம் தெரிவிப்பது அவநம்பிக்கை ஆகாது. நண்பர் அவசரமென்று கேட்டாலும் கடவுச்சொல்லைக் கடன் கொடுக்காதிருப்பது நட்புக்குக் குறை ஆகாது. ஒவ்வொருவர் செய்த வேலையும் அவரவர் பெயரில் நிற்குமானால், பழி வரும்போது காப்பும் அதுவே. பாராட்டு வரும்போது சான்றும் அதுவே.