கணினியின் மூளையும் நமது காசும்
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

"கணினி வாங்கும் விடயமாக நாலு வார்த்தை சொல்லுங்கள் அண்ணன், தம்பிமார் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள்" என்று செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். யான் பெரிய நிபுணன் அல்லேன். பழுதான கணினிகள் சிலவற்றைத் திறந்து பார்த்தவன். ஒருமுறை நன்றாக ஏமாந்தவன். அந்த இரண்டு தகுதிகளோடுதான் உங்கள் முன் நிற்கிறேன்.

நமது வாசிகசாலையில் மாலை வகுப்புக்கென மூன்று கணினிகள் வாங்குவதற்குப் பணம் சேர்த்தாயிற்று. கரைவலை இழுத்தவர்கள் தம் பங்கிலிருந்து கொடுத்தார்கள். வெங்காயத் தோட்டத்தில் கூலிக்கு நின்ற தாய்மார் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தார்கள். ஆயினும் இரண்டு மாதமாகக் கணினி வந்தபாடில்லை. இன்டெல் வாங்கவேண்டும் என்று ஒரு சாராரும், ஏ.எம்.டி. வாங்கவேண்டும் என்று மறு சாராரும் மல்லுக்கு நிற்கிறார்கள். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளோ வாசலைப் பார்த்தபடி இருக்கிறார்கள்.

இந்த இரண்டு பெயர்களும் எதைக் குறிப்பன? கணினியின் உள்ளே கணக்குப் பார்த்துக் கட்டளைகளை நிறைவேற்றும் சிறு சில்லு ஒன்று உண்டு. கடையிலே அதனைப் புரொசெசர் என்பார்கள். அதுவே கணினியின் மூளை. அதனை வடிவமைக்கும் இரு பெரும் கம்பனிகளே இன்டெலும் ஏ.எம்.டி.யும்.

இவ்விரு கம்பனிகளும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் என்பதை நம் தம்பிமார் அறிவார்களோ அறியேன். அமெரிக்காவில் ஃபெயர்சைல்ட் என்ற நிறுவனத்திலிருந்து வெளியேறிய ரொபேர்ட் நொய்சும் கோர்டன் மூரும் 1968இல் இன்டெலை ஆரம்பித்தார்கள். அதே ஃபெயர்சைல்டிலிருந்து வந்த ஜெரி சாண்டர்சும் தோழர்களும் 1969இல் ஏ.எம்.டி.யை ஆரம்பித்தார்கள். 1981இல் ஐ.பி.எம். கம்பனி தனது புகழ்பெற்ற கணினியில் இன்டெலின் 8088 சில்லை வைத்தது. ஒரே இடத்தை நம்பியிருப்பது ஆபத்து என்று கருதிய ஐ.பி.எம்., அச்சில்லைச் செய்து தரக்கூடிய இன்னொரு கம்பனியும் வேண்டும் என்றது. அந்த வழியால் 1982இல் இன்டெலும் ஏ.எம்.டி.யும் உடன்படிக்கை செய்துகொண்டன.

பின்னர் வழக்குகள் பல நடந்தன. 2009இல் இன்டெல் 125 கோடி டொலர் கொடுத்து ஏ.எம்.டி.யுடனான பிணக்கைத் தீர்த்துக்கொண்டது. 2024 ஒக்டோபரில், தமது சில்லுகளுக்குப் பொதுவான கட்டளைமுறையைப் பேணுவதற்காக இருவரும் ஒரே ஆலோசனைக் குழுவை அமைத்தார்கள். இன்டெலில் பென்டியம் சில்லை உருவாக்குவதில் முன்னின்ற இந்தியரான வினோத் தாம் என்பவரே, பின்பு மறு பக்கம் சென்று ஏ.எம்.டி.யின் கே6 சில்லுக்கும் உழைத்தார். அன்பர்களே, சில்லைச் செய்தவர்களே பகை பாராட்டாதபோது, கண்டக்குழியில் இருந்துகொண்டு நாம் முகங்கொடுத்துப் பேசாதிருப்பது எவ்வளவு பேதைமை!

ஒருவர் எப்போதும் உயர்ந்தவர், மற்றவர் எப்போதும் தாழ்ந்தவர் என்பதும் பொருந்தாது. 1994இல் பென்டியம் சில்லு வகுத்தற் கணக்கிலே பிழைவிட்டது; அதனை மாற்றிக்கொடுக்க இன்டெல் 47 கோடியே 50 இலட்சம் டொலரை ஒதுக்க நேர்ந்தது. 2024இல் அதன் 13ஆம், 14ஆம் தலைமுறைச் சில்லுகள் சிலவற்றில் கோளாறு தெரியவந்து, உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டினார்கள். ஏ.எம்.டி.யும் குற்றமற்றதன்று. 2011இல் வெளிவந்த புல்டோசர் சில்லுகளை எட்டு மூளையுடையவை என்று விற்றதற்காக எழுந்த வழக்கில், 2019இல் ஒரு கோடியே 21 இலட்சம் டொலர் கொடுக்க இணங்கியது. மறுபுறம், 2017இல் அது ரைசன் என்ற வரிசையை எட்டு மூளையோடு கொண்டுவந்தது. வீட்டுக் கணினிகளில் வருடக்கணக்காக நான்கு மூளையோடு நின்ற இன்டெல், அதே வருடம் ஆறுக்கு ஏறியது. இவர்கள் போட்டியினால் நன்மை பெற்றவர்கள் வாங்குகிற நாமே. ஆகவே இருவருக்கும் நன்றி சொல்வோம். ஒருவருக்கும் அடிமையாக வேண்டாம்.

இனி, யான் ஏமாந்த கதையைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் என் தங்கையின் மகனுக்குப் பாவித்த மடிக்கணினி ஒன்று வாங்கினேன். மேலே "ஐ7" என்று ஒட்டியிருந்தது. ஐந்தை விட ஏழு பெரிதல்லவா என்று எண்ணிக் கேட்ட விலையைக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், அது 2012இல் வந்த மூன்றாம் தலைமுறைச் சில்லு. உள்ளே மூளை இரண்டே. 2022இல் வந்த சாதாரண ஐ3-12100இல் கூட நான்கு உண்டு. பாடக் காணொளி ஓடும், நிற்கும், மீண்டும் ஓடும். "பரவாயில்லை மாமா" என்று சொல்லிவிட்டு, பிள்ளை இரவிலே கூட்டாளி வீட்டுக்குப் போய்ப் படித்தான். அந்தப் "பரவாயில்லை" இன்றும் என் காதில் நிற்கிறது. விற்றவர் பொய் சொல்லவில்லை. கேட்கவேண்டியதை யான் கேட்கவில்லை.

கேட்கவேண்டியது யாது? முதலாவது, தலைமுறை. ஐ5-12400 என்றால் முன்னுள்ள 12 என்பதே தலைமுறை. ஏ.எம்.டி.யின் மடிக்கணினி எண்களில் வேறொரு சூட்சுமம் உண்டு. ரைசன் 5 7520யூ என்பது புதியதுபோலத் தோன்றும். மூன்றாவது இலக்கமாகிய 2, அதன் உள்ளமைப்பு 2019இல் வந்தது என்பதைக் காட்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14இல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்குப் பெரும்பாலும் இன்டெலில் எட்டாம் தலைமுறையும், ஏ.எம்.டி.யில் ரைசன் 2000 வரிசையும், அவற்றிற்குப் பிந்தியவையுமே ஏற்றவை.

இரண்டாவது, கடைசி எழுத்து. இன்டெலில் "எஃப்" என்று முடிந்தால் திரையிலே படம் காட்டும் பகுதி சில்லினுள் இல்லை. அதற்கெனத் தனி அட்டை வாங்கவேண்டும். ரைசன் 5 5600இலும் அப்பகுதி இல்லை, 5600ஜீயில் உண்டு. விலை குறைவென்று பாய்ந்து விழுந்தால் பின்பு இரட்டிப்பாகச் செலவாகும்.

மூன்றாவது, நமது ஊர். சோளகக் காற்று வீசும் மாதங்களில் மணலும் உப்பும் கதவிடுக்கால் வருகின்றன. பட்டம் பிடித்துக் கடலிலே சறுக்க வெளிநாட்டார் தேடிவரும் அதே காற்றுத்தான் கணினியின் விசிறியையும் அடைக்கிறது. நமக்கு வேண்டியது சூடு குறைந்த சில்லு. வகுப்புப் பாடத்துக்கு அதிவேகச் சில்லு வேண்டியதில்லை. நுரைச்சோலையிலே 900 மெகாவாற் அனல்மின் நிலையம் இருந்தும், 2022 மார்ச் இறுதியில் நாமும் 13 மணித்தியால மின்வெட்டை அனுபவித்தவர்கள். ஆதலால் மின் நின்றாலும் சில நிமிடம் தாங்கும் யூ.பி.எஸ். கட்டாயம் வேண்டும்.

வள்ளத்துக்கு எஞ்சின் வாங்கும்போது நம்மவர் பெயரை மட்டுமா பார்க்கிறார்கள்? வள்ளத்தின் அளவு, எண்ணெய்ச் செலவு, பழுதானால் கற்பிட்டியிலோ புத்தளத்திலோ உதிரிப்பாகம் கிடைக்குமா என்பவற்றையல்லவா பார்க்கிறார்கள்! அந்தப் புத்தி இங்கும் போதும்.

ஆகவே என் யோசனை இதுவே. ஐ5-12400, ரைசன் 5 5600ஜீ இரண்டும் ஆறு மூளை உடையன. படம் காட்டும் பகுதியும் உடையன. நம் வேலைக்கு இரண்டுமே தாராளம். அன்றைய நாளில் எது மலிவோ, எதற்கு எழுத்திலே உத்தரவாதமும் பற்றுச்சீட்டும் தருகிறார்களோ, அதனை வாங்குங்கள். மிஞ்சும் காசை 16 ஜீ.பி. நினைவகத்துக்கும், எஸ்.எஸ்.டி. சேமிப்பகத்துக்கும், யூ.பி.எஸ்.ஸுக்கும் செலவிடுங்கள். பிள்ளைகள் உணரக்கூடிய வேகம் அவற்றிலேதான் பெரிதும் இருக்கிறது. எல்லாம் சமமாக வந்தால் திருவுளச்சீட்டுப் போடுங்கள், மனத்தாங்கல் வேண்டாம்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் முன்னோர். அளப்பது நன்று, அளந்துகொண்டே இருப்பது நன்றன்று. 2022இன் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயளவுக்கு ஏறியதை நாம் மறக்கலாகாது. பெட்டியில் பூட்டிய பணம் தேயும். பரீட்சை நாளோ தள்ளிப்போகாது. அடுத்த ஆண்டுக் கூட்டத்திலே எந்தக் கட்சி வென்றது என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். எத்தனை பிள்ளைகள் படித்தார்கள் என்றே கேட்பார்கள். அக்கேள்விக்கு விடைசொல்ல இன்றே ஆயத்தமாவோமாக.