பாதங்களைப் பார்ப்போம்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

பெரியோரின் பாதம் தொட்டு வணங்கும் மரபில் வந்தவர்கள் நாம். அப்பாதத்தின் உள்ளங்காலை என்றாவது பார்த்திருக்கின்றோமா?

நல்லூர்க் கந்தனின் 25 நாள் திருவிழாவுக்கு இங்கிருந்து வெறுங்காலுடன் செல்லும் முதியோர் பலர். வெயில் ஏற வீதி மணல் கொதிக்கும். நமக்குச் சுட்டால் நிழலுக்கு ஓடுவோம். நோவு நம் காவற்காரன். நெடுநாள் நீரிழிவு உடையவர் பலருக்கோ கால் நரம்புகள் மரத்துவிடுகின்றன. சூடும் தெரியாது, முள் தைத்ததும் தெரியாது. இரத்த ஓட்டமும் குறைந்தால் சிறு கொப்புளம் ஆறாப் புண்ணாகிக் காலையே வாங்கிவிடும்.

போரிலே கால் இழந்த எத்தனையோ பேரை யாழ்ப்பாணத்தில் எழுந்து நடக்க வைத்தது ஜெய்ப்பூர்க் கால். அந்த இழப்பைத் தடுக்க நம்மால் இயலவில்லை. இந்த இழப்பைப் பெரும்பாலும் தடுக்கலாம்.

நாள்தோறும் பாதங்களைக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் துடையுங்கள். நகத்தை நேராக வெட்டுங்கள். ஆணியைப் பிளேடால் சீவாதீர்கள். செருப்பை உதறிப் பார்த்தே அணியுங்கள். கோயிலுக்கு வெயில் ஏறுமுன் சென்று, திரும்பியதும் பாதத்தைப் பாருங்கள். புண் கண்டாலும், நோவின்றியே கணுக்கால் சிவந்து வீங்கிச் சுட்டாலும் அன்றே வைத்தியரை நாடுங்கள்.

முதுமையில் குனிந்து தம் உள்ளங்காலைப் பார்ப்பது எளிதன்று, கண்ணும் மங்கும். ஆகவே தம்பிமாரே, தங்கைமாரே, இன்றிரவு வீடு சென்றதும் அப்பு, ஆச்சியின் காலடியில் விளக்குடன் அமருங்கள். அதுவும் பாதபூசையே.