அமோ, அமாஸ், அமாத்

(ஜூபிலித் திருப்பலிக்காக இலத்தீன் பாடல்களைப் பயின்றுவந்த பாடற்குழுவினருக்கும் இளைஞர்களுக்கும் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஜூபிலித் திருப்பலியில் ‘குளோரியா’வும் ‘கிரேதோ’வும் இலத்தீனில் ஒலிக்க வேண்டுமென்று நம் பங்கின் முதியவர்கள் ஆசைப்பட்டார்கள். பாடற்குழுப் பிள்ளைகளோ, “பொருள் தெரியாமல் எப்படிப் பாடுவது, சாமி?” என்று கேட்டார்கள். இரண்டுமே நியாயந்தான். 1963 டிசம்பர் 4-ஆம் நாள் வெளியான வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, தாய்மொழிக்குக் கதவைத் திறந்துவிட்டது. அதே ஏடுதான், திருப்பலியில் தங்களுக்குரிய பகுதிகளை இலத்தீனிலும் சொல்லவோ பாடவோ மக்கள் அறிந்திருக்க வேண்டுமென்றும் கேட்டுக்கொள்கிறது. ஆகவேதான் சில வாரங்களாக இலத்தீன் வினைச்சொற்களை உரக்கச் சொல்லிப் பழகி வருகிறோம். இந்தப் பயிற்சி நமக்கு எதைக் கற்பிக்கிறது என்பதை இன்று சற்றே சிந்திப்போம்.

குருமடத்தில் இலத்தீன் பயின்ற எங்களுள் பலருக்கு முதற்பாடம் ஆறே சொற்கள்: அமோ, அமாஸ், அமாத், அமாமுஸ், அமாத்திஸ், அமாந்த். அதாவது நேசிக்கிறேன், நேசிக்கிறாய், நேசிக்கிறான், நேசிக்கிறோம், நேசிக்கிறீர்கள், நேசிக்கிறார்கள். இதைத் தமிழ்ப் பிள்ளைக்கு விளக்கவும் வேண்டுமோ? ‘நான்’ என்று தனியே சொல்லாவிட்டாலும் ‘நேசிக்கிறேன்’ என்ற ஒரே சொல்லில் ஆள் தெரிந்துவிடுகிறான் அன்றோ! இலத்தீனும் அப்படியே. சொல்லின் வாலைப் பார்த்தால் ஆளைக் கண்டுகொள்ளலாம். ஒரு வேறுபாடு உண்டு. ‘அமாத்’ என்பது அவனுக்கும் பொருந்தும், அவளுக்கும் பொருந்தும். தமிழ்தான் ஆணையும் பெண்ணையும் பிரித்துச் சொல்லும்.

பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்திருப்பீர்கள். ‘லௌதாபிமுஸ்’ என்ற சொல்லை அந்தக் கத்தியாலேயே நறுக்கிப் பார்ப்போம். ‘லௌதா’ பகுதி, ‘பி’ எதிர்காலம் காட்டும் இடைநிலை, ‘முஸ்’ தன்மைப் பன்மை விகுதி. புகழ்வோம் என்று பொருள். பகுதி, இடைநிலை, விகுதி என்ற வரிசை பிடிபட்டுவிட்டால், மனப்பாடம் பாதியாகக் குறைந்துவிடும்.

இந்தப் பாதையில் எதிர்த்திசையிலிருந்து நடந்து வந்தவர்களும் உண்டு. 16-ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையில் உழைத்த அண்டிரிக் அடிகளார், இலத்தீன் இலக்கண முறையை அடியொற்றிப் போர்த்துக்கேய மொழியில் தமிழ் இலக்கணம் எழுதினார். வீரமாமுனிவரோ கொடுந்தமிழுக்கு இலத்தீனிலேயே இலக்கணம் வகுத்தார். அந்நூல் 1738-இல் தரங்கம்பாடியில் லுத்தரன் சபையாரின் அச்சகத்தில் அச்சேறியது. இலத்தீன் வினையைக் கைவிளக்காகக் கொண்டு அவர்கள் தமிழ் வினைக்குள் நுழைந்தார்கள். நாமோ தமிழ் வினையைக் கைவிளக்காகக் கொண்டு இலத்தீனுக்குள் நுழைகிறோம்.

இலத்தீன் வினைகள் நான்கு வகை. பாடநூல்களில் வழக்கமாக வரும் எடுத்துக்காட்டுகள் இவை: அமாரே, நேசித்தல், மொநேரே, அறிவுறுத்தல், ரேஜெரே, ஆளுதல், ஔதீரே, கேட்டல். இரண்டாம் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் எழுத்தில் முடிவு ஒன்றே. மொநேரேயில் நடு எழுத்து நெடில், ரேஜெரேயில் குறில், அவ்வளவே வேறுபாடு. குறில் நெடில் பிசகினால் பொருளே மாறிவிடும் மொழியைப் பேசுகிற நமக்கு இது கடினமன்று. ஒவ்வொரு வினைக்கும் நான்கு வடிவங்களைச் சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும்: அமோ, அமாரே, அமாவி, அமாத்தும். மற்றவை இந்த நான்கிலிருந்து கிளைத்து வரும். நாளுக்கு ஒரு வினை போதும். ஆனால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கண்ணால் மட்டும் படித்தவன் மறுவாரமே மறந்துவிடுவான்.

இந்த நான்கின் வரிசையிலும் ஆயனுக்கு ஒரு பாடம் இருக்கிறது. முதலில் நேசி, பிறகு அறிவுறுத்து, அதற்குப் பிறகே ஆளுகை. ‘கேட்டல்’ கடைசியில் நிற்பது இலக்கண நூலோடு இருக்கட்டும்! குருக்களாகிய நாங்கள் அதை முன்னுக்குக் கொண்டுவருவதே பங்கு மக்களுக்கு நல்லது.

இனி, செபங்களுக்கு வருவோம். ‘ஓராமுஸ்’ என்றால் மன்றாடுகிறோம். நடுவில் ஓர் உயிரெழுத்தை மாற்றி ‘ஓரேமுஸ்’ என்றால் மன்றாடுவோமாக! குரு இந்தச் சொல்லைச் சொல்லும்போது, தாம் செபிக்கப் போவதாக அறிவிக்கவில்லை. நம் எல்லாரையும் கையைப் பிடித்து அழைக்கிறார். புனிதர்களின் மன்றாட்டுமாலையில் ஒரு புனிதரை அழைக்கும்போது ‘ஓரா’ என்கிறோம். அப்போஸ்தலர்களையெல்லாம் சேர்த்து அழைக்கும்போது ‘ஓராத்தே’ என்கிறோம். முன்னது ஒருமை ஏவல், பின்னது பன்மை ஏவல். இலத்தீன் அறியாத முதியவர்களும் அந்த இடத்தில் பிசகாமல் மாற்றிச் சொன்னார்கள் என்றால், காதே அவர்களுக்கு இலக்கணம் கற்றுத் தந்திருக்கிறது.

பாவ அறிக்கையின் முதற்சொல் ‘கொன்ஃபித்தேயோர்’. இதன் வடிவம் செயப்பாட்டுவினை, பொருளோ செய்வினை. இத்தகைய வினைகள் இலத்தீனில் பல உண்டு. ஆயினும் இந்தச் சொல் அப்படி அமைந்திருப்பது தியானத்துக்கு ஏற்றதாக இருக்கிறது. பாவத்தை அறிக்கையிடுகிறவர் நாமே. ஆனால் அறிக்கையிடும் மனத்தை நமக்குள் உண்டாக்குவது இறையருள். செய்கிறவர் போலவும் இருக்கிறோம், செய்யப்படுகிறவர் போலவும் இருக்கிறோம்.

‘கிரேதோ’வைக் கவனியுங்கள். 325-இல் நிசேயாவிலும் 381-இல் கொன்ஸ்தாந்திநோப்பிளிலும் கூடிய சங்கங்களின் ஆயர்கள், கிரேக்க மொழியில் ‘நம்புகிறோம்’ என்று பன்மையில் அறிக்கையிட்டார்கள். வழிபாட்டில் அந்த அறிக்கை ‘கிரேதோ’, அதாவது ‘நம்புகிறேன்’ என்று ஒருமையானது. ஆங்கிலத் திருப்பலியில் ‘நம்புகிறோம்’ என்று மொழிபெயர்த்திருந்ததையும் 2011 திருவருகைக் காலத்திலிருந்து ‘நம்புகிறேன்’ என்று மாற்றிவிட்டார்கள். ஏன்? சேர்ந்து நின்றே சொல்கிறோம். ஆனாலும் ஒருவருக்காக மற்றவர் விசுவசிக்க முடியாது. கூட்டத்தின் குரலுக்குள் ஒளிந்துகொள்ள ‘கிரேதோ’ என்ற சொல் இடங்கொடுப்பதில்லை.

இதைவிட ஆழமான பாடம் யோவான் நற்செய்தியின் 21-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. உயிர்த்த ஆண்டவர் கடற்கரையில் பேதுருவிடம் மும்முறை, தம்மை நேசிக்கிறாயா என்று கேட்கிறார். மூல மொழியாகிய கிரேக்கத்தில் அங்கே இரண்டு வினைகள் மாறி மாறி வருகின்றன. புனித எரோணிமுசின் பெயரால் வழங்கும் இலத்தீன் திருமறையும் அந்த வேறுபாட்டைக் காக்கிறது. முதல் இரண்டு முறை ஆண்டவர் கேட்பது ‘திலிஜிஸ்’. தேர்ந்து, மதித்துச் செலுத்தும் அன்பு அது. பேதுரு துணிந்து அதே சொல்லால் பதிலளிக்கவில்லை. ‘அமோ’ என்கிறார். மூன்றாம் முறை ஆண்டவரே பேதுருவின் சொல்லுக்கு இறங்கி வந்து, ‘அமாஸ்’ என்று கேட்கிறார். பேதுரு மனம் வருந்தி, மீண்டும் ‘அமோ’ என்கிறார்.

பிள்ளைகளே, நீங்கள் மனப்பாடம் செய்யும் முதல் இரண்டு சொற்களும் இவையே அல்லவா? ஆண்டவரின் கேள்வி முன்னிலையில் வருகிறது: அமாஸ். அதற்குரிய பதில் தன்மையில் வர வேண்டும்: அமோ. மூன்றாம் சொல்லாகிய ‘அமாத்’ அந்த உரையாடலில் பதிலாக வரவே இல்லை. ‘யோவான் உம்மை நேசிக்கிறார், ஆண்டவரே!’ என்று பேதுரு சொல்லியிருந்தால் அது உண்மையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதிலாகாது. ‘அமோ’ என்று சொன்ன பிறகே ஆடுகளை மேய்க்கும் பொறுப்பும் அவரிடம் ஒப்படைக்கப்படுகிறது.

நம் பங்கின் நிலையை இந்த ஒளியில் எண்ணிப் பார்ப்போம். கோயில் முற்றத்தை யார் பெருக்குவது? ‘வேலைக்காரர் பெருக்குவார்.’ நோயாளியை யார் சந்திப்பது? ‘கன்னியர் போவார்கள்.’ பிள்ளைகளுக்கு யார் ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பது? ‘உபதேசியார் சொல்லிக் கொடுப்பார்.’ ஏழை வீட்டுக் கல்யாணத்துக்கு யார் உதவுவது? ‘சாமியார் பார்த்துக்கொள்வார்.’ எல்லாம் படர்க்கை! இலத்தீன் புரியவில்லை என்று முன்பு ஒரு குறை சொன்னோம். இப்போது ஒவ்வொரு சொல்லும் தாய்மொழியில் தெளிவாகக் காதில் விழுகிறது. இனியும் படர்க்கையிலேயே வாழ்ந்துகொண்டிருந்தால், மொழியின்மேல் பழி போட வழியில்லை.

இலத்தீனில் விடை பகர்ந்த நம் முன்னோரைப் பொருளறியாதவர்கள் என்று ஏளனம் செய்யவும் வேண்டாம். அவர்களுள் எத்தனையோ பேருக்கு விகுதி தெரியாது. ஆனால் அந்தக் கோயிலின் ஒவ்வொரு கல்லையும் ‘நாம் சுமந்தோம்’ என்று அவர்கள் தன்மைப் பன்மையில் சொல்ல முடிந்தது. அந்த ஜூபிலி அவர்களுடையது. அடுத்த ஜூபிலியில் நம் பேரப்பிள்ளைகளிடம் நாம் எந்த விகுதியில் பேசப்போகிறோம்?

ஆகவே பாடற்குழுப் பிள்ளைகளே, விழாவன்று ‘கிரேதோ’ என்று தொடங்கும்போது அந்தச் சொல்லின் கடைசி எழுத்தை விழுங்கிவிடாமல் தெளிவாகப் பாடுங்கள். அந்த ‘ஓ’வில்தான் ஆள் நிற்கிறார், அங்கே நிற்பவர் நீங்கள். மக்களாகிய மற்றவர்களும் தமிழில் ‘நம்புகிறேன்’ என்று சொல்லும் ஒவ்வொரு ஞாயிறும் அதன் விகுதியில் ஒரு கணம் நின்று, பிறகு அடுத்த சொல்லுக்குச் செல்லுங்கள்.

நம் கேள்விகளுக்கெல்லாம் முன்பாகவே நம்மை நேசித்த இறைவன், அவரது கேள்விக்குத் தன்மையில் பதில் சொல்லும் வரத்தை உங்கள் ஒவ்வொருவருக்கும் அருள்வாராக!