வெண்பனியை அளப்போர்



நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளி ஒன்றின் முற்றத்தில் ஒரு மழைமானி இருந்தது. நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு, முறை வைத்து ஒரு மாணவன் அதனைப் பார்த்து, முந்திய இருபத்துநான்கு மணி நேரத்தில் பெய்த மழையை மில்லிமீட்டரில் எழுதி வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு மார்ச் மாதத்தில் முறைக்காரனாக இருந்த பையன் மழைமானியின் பக்கமே செல்லாமல், மாதம் முழுவதற்கும் ஒரே மூச்சில் சுழி எழுதி வைத்துவிட்டான். அழைத்து விசாரித்தேன். "வானம் வெளுத்துக் கிடக்கிறது. போய்ப் பார்த்து எழுதினாலும் சுழிதானே ஐயா?" என்றான். அவனைக் கடிந்துகொண்டேன், ஆனால் அவன் கேள்விக்குத் தக்க விடை அன்று என்னிடம் இருந்ததாகச் சொல்ல முடியாது. மழையையே காணாத நாட்களின் சுழிக்கும் ஒரு மதிப்பு உண்டு என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின்னர்தான் கற்றுக்கொண்டேன். கற்பித்தது சுவிட்சர்லாந்து நாட்டு மலையூர் ஒன்று. அதன் பெயர் டாவோஸ்.

உலகப் பொருளாதார மன்றத்தின் கூட்டம் நடைபெறும் ஊர் என்று அப்பெயரை நீங்கள் செய்தித்தாள்களில் படித்திருக்கலாம். கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,560 மீட்டர் உயரத்தில் உள்ள பள்ளத்தாக்கு ஊர் அது. நம் உதகமண்டலத்தைவிடத் தாழ்ந்த இடமே. ஆயினும் பூமத்திய ரேகைக்கு வெகு வடக்கே இருப்பதால் மாரிக்காலம் முழுவதும் வெண்பனியால் மூடப்பட்டுக் கிடக்கும். முன்னாளில் காசநோயாளிகள் தூய காற்றை நாடி அங்கே சென்றார்கள். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கானன் டாயில், நோயுற்ற தம் மனைவியுடன் அங்கே தங்கியிருந்தவர். 1894-ஆம் ஆண்டில் சறுக்குக் கட்டைகளைக் காலில் பூட்டிக்கொண்டு மலைக் கணவாயைக் கடந்து, அடுத்த பள்ளத்தாக்கிலுள்ள அரோசாவுக்குச் சென்றார். 1934-இல் சறுக்குவோரைக் கம்பி வடத்தால் மேலே இழுத்துச் செல்லும் பொறி அவ்வூரில் அமைக்கப்பட்டது. அதன்பின் நோயாளிகளின் ஊர் விளையாட்டு வீரர்களின் ஊராயிற்று.

மேலே செல்லுமுன் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். நாம் பனி என்று சொல்லும்போது, மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியே நம் நினைவுக்கு வருகிறது. முன்பனி, பின்பனி என்று பருவங்களுக்குப் பெயரிட்ட நம் முன்னோர் கருதியதும் அதனையே. ஆல்ப்ஸ் மலையில் மேகத்திலிருந்து பஞ்சுபோல் விழுவது வேறு. அதனை நான் வெண்பனி என்றே குறிப்பிடுவேன். அந்த ஊர்க் கதையில் நம் புல்நுனிப் பனிக்கும் ஓர் இடம் இருக்கிறது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

டாவோஸ் ஊருக்கு மேலே வைஸ்ஃப்ளூயோக் என்னும் மலைத்தோள் இருக்கிறது. அதன் அருகே, சுமார் 2,540 மீட்டர் உயரத்தில், வேலியிட்டது போன்ற ஒரு சிறு நிலம். 1936-ஆம் ஆண்டு முதல் அங்கே வெண்பனியை அளந்து வருகிறார்கள். செய்யும் வேலை பார்ப்பதற்கு எளியது. அளவு குறித்த ஒரு கம்பம் தரையில் நிற்கிறது. வெண்பனி எந்தக் கோடு வரை ஏறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை. அதன்மேல் ஓர் இரவும் ஒரு பகலும் விழுந்த புதுப்பனியை அளந்துவிட்டு, பலகையைத் துடைத்து, மறுநாளைக்காக மீண்டும் பனியின் மேற்பரப்பிலேயே வைத்துவிட வேண்டும். காற்றின் திசை, வேகம், வெப்பநிலை, கண்ணுக்கெட்டிய சரிவுகளில் எங்கேனும் பனி சரிந்திருக்கிறதா என்பது இவையெல்லாம் குறிப்பில் ஏறும். இத்தகைய நோக்கர்கள் சுவிட்சர்லாந்து முழுவதிலும் சுமார் 200 பேர் இருக்கிறார்கள். தானே இயங்கும் கருவிகள் நாடெங்கும் மலையுச்சிகளில் வந்துவிட்ட இந்நாளிலும், மனிதர் சென்று பார்ப்பது நிற்கவில்லை.

எதற்காக இவ்வளவு பாடு? கணக்குப் போட்டுப் பாருங்கள். புதிதாக விழுந்த வெண்பனி மிக இலேசானது. ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள புதுப்பனியை உருக்கினால் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீர்தான் கிடைக்கும். ஓரிரவில் முப்பது சென்டிமீட்டர் விழுந்தால், ஒரு சதுர மீட்டரில் முப்பது கிலோகிராம். அற்பம் என்று தோன்றுகிறதல்லவா? ஓர் ஏக்கர் சரிவுக்குப் பெருக்கிப் பார்த்தால் சுமார் 120 டன் ஆகிறது! இந்தப் பாரம் பிடிப்பை இழந்து சரிந்து வருவதே பனிச்சரிவு. 1950-51 மாரிக்காலத்தில் சுவிட்சர்லாந்தில் மட்டும் 98 பேர் பனிச்சரிவுகளில் மாண்டனர். வீட்டுக்குள் உறங்கிக்கொண்டிருந்தவர்களும் அவர்களில் உண்டு. டாவோஸ் ஆய்வு நிலையம் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1945 முதல், பனிச்சரிவு எச்சரிக்கை அறிக்கைகளை வெளியிடத் தொடங்கியிருந்தது. இன்று மாரிக்காலத்தில் மாலை ஐந்து மணிக்கும் காலை எட்டு மணிக்கும் அவ்வறிக்கை வருகிறது.

சறுக்கு விளையாட வருபவர் முதலில் கேட்பது, "பனி எத்தனை சென்டிமீட்டர்?" என்பதே. விடுதிக்காரரும் அதையே பெரிய எழுத்தில் எழுதி வைக்கிறார். மிகுதியாக இருந்தால் மகிழ்ச்சி. ஆனால் ஆழம் எவ்வளவு என்பது ஆபத்து எவ்வளவு என்பதைச் சொல்வதில்லை. பனி மிகுந்தால் ஆபத்து மிகும், குறைந்தால் குறையும் என்று எண்ணுவது இயல்பு. நானும் அப்படித்தான் எண்ணினேன். உண்மை பல சமயங்களில் நேர்மாறானது.

ஏன் என்று சற்று நிதானமாகப் பார்ப்போம். வெண்பனிப் போர்வைக்கு அடியிலுள்ள நிலம் பெரும்பாலும் சுழியப் பாகைக்கு அருகிலேயே இருக்கும். மேகமற்ற இரவில் மேற்பரப்போ இருபது பாகை வரை சுழியத்துக்குக் கீழே குளிர்ந்துவிடும். பனி இரண்டு மீட்டர் கனமாக இருந்தால், இந்த இருபது பாகை வேறுபாடு இரண்டு மீட்டருக்குள் பரவி நிற்கிறது. மீட்டருக்குப் பத்துப் பாகைதான். அரை மீட்டரே இருந்தால், மீட்டருக்கு நாற்பது பாகை வீதம் ஆகிவிடுகிறது. வெப்பமான அடிப்பகுதியிலிருந்து குளிர்ந்த மேற்பகுதியை நோக்கி நீராவி பனியினூடே நகர்ந்து, போகும் வழியில் மீண்டும் படிகமாகிறது. வேறுபாடு கடுமையாக இருக்குமானால், ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்திருந்த சிறு துகள்கள் அழிந்து, சீனிபோன்ற பெரிய கோணல் படிகங்கள் உண்டாகின்றன. கையில் அள்ளினால் விரலிடுக்கில் உதிர்ந்துவிடும். பனி குறைவாகப் பெய்து, பின் வானம் தெளிந்து, குளிர் நாள்கள் தொடருமானால் இந்தப் பலமற்ற அடுக்கு வளர்கிறது.

அத்தகைய தெளிந்த இரவில் வேறொன்றும் நிகழ்கிறது. காற்றிலுள்ள நீராவி வெண்பனியின் மேற்பரப்பில் இறகுபோன்ற படிகங்களாகப் படிகிறது. இது நம் புல்நுனிப் பனிக்கு உடன்பிறப்பு. குளிர் மிகுதியால் துளியாகாமல் நேரே படிகமாகிவிட்டது, அவ்வளவே. காலை வெயிலில் அது வைரப்பொடி போல் மின்னும். காண்போர் வியந்து நிற்பார்கள். அதன்மேல் அடுத்த வாரம் ஒரு பெரும் பனிப்பொழிவு வந்து மூடினால், அந்த அழகிய படிகமே உள்ளே மறைந்திருந்து கொல்லும்.

சாய்வான ஒரு திண்ணையில் கேழ்வரகைப் பரப்பி, அதன்மேல் ஒரு பலகையை வைத்துப் பாருங்கள். பலகை நகராமல் நிற்கலாம். ஒரு குழந்தை அதன்மேல் கால் வைத்தால் என்ன ஆகும்? முப்பது பாகைக்கு மேற்பட்ட சரிவில் இறுகிய பனிப்பலகையும் அதன் கீழுள்ள சீனி அடுக்கும் இருக்கும் நிலை அதுவே. கால் வைப்பவர் சறுக்கு வீரர். விளையாடச் சென்று பனிச்சரிவில் சிக்குவோருள் பத்தில் ஒன்பது பேர் விஷயத்தில், அச்சரிவைக் கிளப்பி விட்டது அவரோ அவருடன் சென்றவரோதான்.

இப்போது என் பள்ளிப் பையனின் கேள்விக்கு வருவோம். பலகையில் புதுப்பனி ஏதும் இல்லை என்று நோக்கர் சுழி எழுதும் நாட்கள்தாம் இந்தப் பலமற்ற அடுக்குகள் பிறக்கும் நாட்கள்! எத்தனை சுழிகள் தொடர்ந்து வந்தன, அப்போது வானம் எப்படி இருந்தது, குளிர் எவ்வளவு என்பது தெரியாவிட்டால், பின்னர் விழும் முப்பது சென்டிமீட்டர் எதன்மேல் விழுகிறது என்று எவரும் சொல்ல இயலாது. ஆகவேதான் இரு வாரங்களுக்கொரு முறை பனியில் குழி வெட்டி, அடுக்கடுக்காகத் தொட்டுப் பார்த்தும் வெப்பநிலை குறித்தும் ஆராய்கிறார்கள். அந்தப் பையனுக்கு இதைச் சொல்லியிருந்தால் கோபித்துக்கொள்ள வேண்டியிருந்திருக்காது.

காற்றையும் மறக்கலாகாது. ஒரு துளிப் பனியும் புதிதாகப் பெய்யாதபோதும், பலத்த காற்று மலையின் ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கத்தில் குவித்துவிடும். ஊரிலுள்ள கம்பம் இதைக் காட்டாது. வெப்பநிலையும் ஏமாற்றும். மேலே செல்லச் செல்லக் குளிரும் என்பது பாடநூல் விதி. ஆனால் தெளிந்த மாரிக்கால விடியலில் குளிர்காற்று பள்ளத்தாக்கில் தேங்கிவிட, ஊர் மலையுச்சியைவிடக் கடுங்குளிராக இருப்பதுண்டு.

இவ்வளவையும் ஆராய்ந்து ஆய்வு நிலையத்தார் இறுதியில் ஓர் எண்ணைச் சொல்கிறார்கள். 1993 முதல் ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஐந்து படிகள் உள்ளன: குறைவு, மிதம், குறிப்பிடத்தக்கது, மிகுதி, மிக மிகுதி. இங்கேதான் நம் போன்றோர் பிழை செய்வது. பரீட்சை மதிப்பெண்ணுக்குப் பழகிய மனம், ஐந்தில் மூன்று என்றால் நடுத்தரம் என்று கொள்கிறது. படிகள் சம உயரமுள்ளவை அல்ல. ஒவ்வொரு படியிலும் ஆபத்து பன்மடங்கு ஏறுகிறது. நான்காம் படி அறிவிக்கப்படுவது மாரிக்காலத்தில் சில நாட்களே. அன்று பெரும்பாலோர் அஞ்சி ஒதுங்குகிறார்கள். மூன்றாம் படி ஏறத்தாழப் பத்தில் மூன்று நாட்களுக்கு அறிவிக்கப்படுகிறது. பனிச்சரிவில் மாண்டோருள் சுமார் பாதிப்பேர் அந்த மூன்றாம் படி நாட்களில் மாண்டவர்கள். அப்படிப்பட்ட நாள் பெரும்பாலும் எப்படி இருக்கும் தெரியுமா? புயல் ஓய்ந்து, வானம் நீலமாகி, புதுப்பனி மீது வெயில் விழும் நாள்!

அறிக்கையின் எண் குறியிட்ட சறுக்குப் பாதைகளுக்கு அப்பாலுள்ள மலைக்கே பொருந்தும் என்பதையும் சொல்ல வேண்டும். பாதைகளின் பொறுப்பு அங்குள்ள காவற்படையினருடையது. அவர்கள் விடியுமுன் எழுந்து, ஐயத்துக்குரிய சரிவுகளில் வெடி வைத்துப் பனியைத் தாங்களே சரியச் செய்து, பின்னரே பாதையைத் திறப்பார்கள். திறக்க இயலாத அன்று கயிறு கட்டி மூடிவிடுவார்கள். அந்தக் கயிற்றைத் தாண்டிச் செல்வோர் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். இளைஞர்கள்தாம் பெரும்பாலும் என்று சொல்ல எண்ணினேன். அனுபவம் மிக்க முதியோரும் உண்டு என்பதால் நிறுத்திக்கொள்கிறேன்.

புதையுண்டவரைப் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி கடந்தால் மூன்றில் ஒருவர் பிழைப்பதே அரிது. ஊரிலிருந்து உதவி வருவதற்குள் காலம் கடந்துவிடும். உடன் சென்றவர்கள்தாம் தோண்டியெடுக்க வேண்டும். ஆகவே பாதைக்கு அப்பால் செல்வோர் ஒவ்வொருவரும் ஒரு மண்வாரி, பனியைக் குத்திப் பார்க்கும் ஒரு நீண்ட கோல், மார்போடு கட்டிய ஒரு சிறு வானொலிக் கருவி ஆகியவற்றைக் கொண்டு செல்கிறார்கள். அக்கருவி இடைவிடாது அலைகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒருவர் புதையுண்டால் மற்றவர்கள் தங்கள் கருவியைக் கேட்கும் நிலைக்கு மாற்றி அவரைத் தேடுவார்கள். அதன் அலைவரிசை 457 கிலோஹெர்ட்ஸ். நம் வானொலியின் மத்திய அலைவரிசைகளுக்குச் சற்றே கீழே உள்ளது அது. புறப்படுமுன் ஒவ்வொருவராக நடந்து காட்டி, எல்லோருடைய கருவியும் ஒலிக்கிறதா என்று சோதித்துக்கொள்வது அங்கே வழக்கம்.