மாத்திரையோடு அரிசியும்



பொது சுகாதாரம் படித்து முடித்திருக்கும் உங்களிடம் ஒரே ஒரு நோயைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். அது காசநோய். பல துறைகள் கைகோத்தால் எளியவர்களுக்கு எவ்வளவு செய்ய முடியும், ஒரு துறை விலகி நின்றால் எது விட்டுப்போகும் என்ற இரண்டையும் இந்த நோயின் வரலாறு காட்டுகிறது.

1956-இல் சென்னையில் ஒரு காசநோய் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய மையம் அது. அன்று டிபி வந்தால் சானடோரியத்தில் சேர வேண்டும்; மாதக்கணக்கில் படுக்கை, சுத்தமான காற்று, சத்தான சாப்பாடு. ஆனால் படுக்கைகள் சொற்பம். அப்படியே இடம் கிடைத்தாலும், தினக்கூலி வாங்குகிறவர் ஒரு வருடம் போய்ப் படுத்துக்கொண்டால் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்?

வாலஸ் ஃபாக்ஸ் தலைமையிலான குழு, நகரத்தின் ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதி சானடோரியத்துக்குப் போனது, மறுபாதி வீட்டிலேயே இருந்தது. இரு தரப்புக்கும் ஒரே மருந்து. வீட்டில் இருந்தவர்களைத் தேடி ஊழியர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் போனார்கள், மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். 1959-இல் வெளியான முடிவு உலகத்தையே திருப்பிப் போட்டது: வீட்டில் மருந்து சாப்பிட்டவர்களும் கிட்டத்தட்ட அதே அளவில் குணமானார்கள், கூட வாழ்ந்தவர்களுக்கும் அதனால் தொற்று கூடவில்லை. நாடு நாடாக சானடோரியங்கள் மூடப்பட்டன. நம் ஊரில் அந்தச் சொல் ஒரு ரயில் நிலையத்தின் பெயரில் மிஞ்சியிருக்கிறது. நம் நகரத்தின் கூலித் தொழிலாளர்கள் தங்கள் உடம்பைக் கொடுத்து உலகத்துக்குச் செய்த உதவி இது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ஆனால் அந்த ஆய்வை வைத்தே ஒரு பிழையான எண்ணமும் வளர்ந்தது. வீட்டில் இருந்தவர்கள் சானடோரியக்காரர்களைவிடக் குறைவாகவே சாப்பிட்டார்கள், இருந்தும் குணமானார்கள். ஆகவே மருந்து போதும், சாப்பாடு இரண்டாம்பட்சம் என்று பலர் முடிவுகட்டிவிட்டார்கள். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டிலும் கிருமி ஒழியும் என்பதுதான் ஆய்வு சொன்னது. யாருக்கு நோய் வருகிறது, யார் சாகிறார்கள் என்பவை வேறு கேள்விகள். அவற்றை முறையாகக் கேட்க நமக்கு அறுபது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

ஜார்கண்டின் நான்கு மாவட்டங்களில் நடந்து 2023-இல் வெளிவந்த ‘ரேஷன்ஸ்’ ஆய்வில் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா குழுவினர் அந்தக் கேள்விகளைக் கேட்டார்கள். சேர்ந்த நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேர் எடை குறைந்தவர்கள். எல்லா நோயாளிகளுக்கும் மாதந்தோறும் உணவுப் பொருள் கொடுத்தார்கள். ஒரு பிரிவில் மட்டும், வீட்டில் இருந்த மற்றவர்களுக்கும் தலைக்கு ஐந்து கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, சத்து மாத்திரை. அந்த வீடுகளில் புதிதாக டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது. நோயாளிகளில், முதல் இரண்டு மாதத்தில் ஐந்து சதவீதம் எடை கூடியவர்களுக்கு இறக்கும் அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. அங்கே கொடுத்தது நம் ரேஷன் கடையில் மூட்டை மூட்டையாக இருக்கும் அதே அரிசிதான்.

தமிழ்நாட்டில் 2022-இல் சென்னையிலுள்ள தேசிய நோய்ப் பரவியல் நிறுவனமும் மாநில அரசும் சேர்ந்து தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதை ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நின்று பாருங்கள். சளிப் பரிசோதனையில் டிபி உறுதியானவரை ஊழியர் நிறுத்தி எடையும் உயரமும் எடுக்கிறார். விரலில் ஆக்சிமீட்டர் மாட்டுகிறார். ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுகிறார். காலைக் கட்டைவிரலால் அழுத்தி, குழி விழுகிறதா என்று பார்க்கிறார். “எதையும் பிடிக்காம எந்திரிச்சு நில்லுங்கண்ணே” என்கிறார். எழ முடியாதவரை மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அவருக்கு மருத்துவமனைப் படுக்கை வேண்டும். டிபி இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களில் நிகழ்கிறது. அதனால்தான் இந்தச் சில நிமிடச் சோதனைக்கு இவ்வளவு மதிப்பு. வீட்டில் இருந்தே குணமாகலாம் என்று காட்டிய அதே சென்னையிலிருந்துதான், யாரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று பிரித்துப் பார்க்கும் இந்த முறையும் வந்திருக்கிறது.

உங்களில் பலர் விரைவில் ஒரு வட்டாரத்துக்குப் பொறுப்பேற்பீர்கள். கூட்டு முயற்சி என்ற பெயரில் கூட்டங்கள் நடக்கும்; அதிகாரிகளும் தொண்டு நிறுவனத்தாரும் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடித்துக் கலைவார்கள். நீங்கள் அப்படி நடத்தாதீர்கள். போன வருடம் உங்கள் வட்டாரத்தில் டிபியால் இறந்தவர்களின் பதிவேட்டை மேசையில் விரித்து வையுங்கள். கிராம சுகாதாரச் செவிலியரையும் ரேஷன் கடை விற்பனையாளரையும் மகளிர் குழுத் தலைவியையும் அழையுங்கள். செங்கல் சூளைக்கு வந்து வேலைசெய்யும் குடும்பங்களுக்கு இங்கே ரேஷன் அட்டை இருக்கிறதா என்று வழங்கல் துறையைக் கேளுங்கள். குணமான நோயாளி ஒருவரையும் கட்டாயம் கூப்பிடுங்கள். அவரை முதலில் பேசவிடுங்கள். கூட்டத்துக்கு வந்ததால் அவர் இழந்த அன்றைய கூலியைத் திட்டச் செலவில் சேர்த்துக் கையில் கொடுங்கள். அதற்கு விதியில் இடமில்லை என்று கணக்குப் பிரிவு சொன்னால், விதியைத் திருத்தச் சொல்லி மேலே எழுதுங்கள். பதில் வரும்வரை எழுதுங்கள்.