கோடு விழுந்த மரமும் குழுக் கடனும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப் ஒருங்கிணைப்பாளர் பேசியது)



மரக் கடைசல் தொழில் செய்ய மெஷின் வாங்கக் கடன் வேண்டும் என்று மூன்று குழுக்கள் தீர்மானம் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். குங்குமச் சிமிழ், சொப்பு, அலங்காரக் கிண்ணம் செய்து விற்கலாம் என்பது உங்கள் எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இந்தத் தொழிலின் உள்விவரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் இன்றைக்கு இந்தப் பேச்சு.

2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயலில் நம்ம புதுக்கோட்டைப் பக்கம் மா, பலா, தென்னை என்று எத்தனை மரம் சாய்ந்தது என்று உங்களுக்கே தெரியும். சாய்ந்த மாமரம் பெரும்பாலும் விறகாகத்தான் போனது. கொஞ்ச நாள் கிடந்த மரத்தை அறுத்தபோது உள்ளே கறுப்புக் கறுப்பாகக் கோடு ஓடியிருந்ததைச் சிலர் பார்த்திருப்பீர்கள். "உளுத்துப்போச்சு" என்று அடுப்பில் வைத்திருப்போம். அந்தக் கோடு விழுந்த மரத்தைத்தான் அலங்காரச் சாமான் செய்பவர்கள் தேடி வாங்குகிறார்கள். சாயம் பூசாமலே மையால் வரைந்த மாதிரி இருக்கும். ஒரு சாமான் மாதிரி இன்னொன்று இருக்காது.

அந்தக் கோடு எப்படி வருகிறது? வெட்டிப்போட்ட மரத்தில் பூஞ்சை பிடிக்கிறது. ஒரு பூஞ்சை பரவி வரும்போது எதிரே இன்னொரு பூஞ்சை வந்தால், நாம் வயலுக்கு வரப்புப் போடுகிற மாதிரி நடுவிலே கறுப்பு வரப்பு போட்டுக்கொள்ளும். அதுதான் கோடு. பூஞ்சைக்கு ஈரம் வேண்டும், காற்றும் வேண்டும். குளத்திலே மூழ்கக் கிடக்கிற மரம் ஏன் கெடுவதில்லை? காற்று இல்லை. காய்ந்த உத்திரம் ஏன் கெடுவதில்லை? ஈரம் இல்லை. இரண்டும் இருக்கிற இடத்தில்தான் பூஞ்சை வளரும்.

அதனால் மரத்துண்டைப் பட்டையோடு நிழலில் வைக்க வேண்டும். மண்ணில் நேராகப் போட்டால் கரையான் ஏறிவிடும். செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்து, ஈர இலைச் சருகும் நனைந்த சாக்கும் போட்டு மூடுங்கள். இத்தனை நாள் என்று கணக்குச் சொல்ல முடியாது, மரத்துக்கு மரம் மாறும். 15 நாளைக்கு ஒருமுறை முனையில் கொஞ்சம் அறுத்துப் பாருங்கள். மாமரம் இதற்கு நன்றாக வரும். தேக்கு, பலா போன்றவற்றின் வைரத்தில் பூஞ்சை எளிதில் பிடிக்காது.

இதிலே கவனம் எங்கே என்றால், நிறுத்துகிற நேரத்தில். சீக்கிரம் எடுத்தால் கோடு இருக்காது. தாமதமானால் மரம் பஞ்சாகிவிடும். நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் உள்ளே இறங்கினால் அந்த இடம் போய்விட்டது, உளி வைத்தால் பிய்த்துக்கொண்டு வரும். தொட்டால் பழுப்பாகப் பொடிந்து உதிர்கிறது என்றால் அது அடுப்புக்குத்தான்.

சரியான நேரத்தில் எடுத்துத் துண்டு போட்டு, இரண்டு முனையிலும் மெழுகு உருக்கித் தடவ வேண்டும். தடவாவிட்டால் முனை சீக்கிரம் காய்ந்து வெடித்துவிடும். பிறகு கடைசல் மெஷினில் ஏற்றி முதலில் கரடாகக் கடைய வேண்டும். 4 அங்குலக் கிண்ணம் என்றால் சுவர் அரை அங்குலம் கனமாக இருக்கட்டும். அதை நிழலில் காய வைத்து வாரம் ஒருமுறை தராசில் நிறுத்து நோட்டில் எழுதுங்கள். எடை குறைந்துகொண்டே வந்து ஒரு அளவில் நின்றுவிடும். அதற்குப் பிறகுதான் இரண்டாவது முறை ஏற்றி மெல்லிசாகக் கடைந்து, உப்புத்தாள் போட்டு, மெழுகோ அரக்கோ பூச வேண்டும். ஈரத்தோடு முடித்து விற்றால் வாங்கியவர் வீட்டில் போய் கோணிக்கொள்ளும். அடுத்த முறை நம்மிடம் வாங்குவார்களா?

இப்போது கடனுக்கு வருகிறேன். மரம் கோடு பிடிக்க நாளாகும், கரடாகக் கடைந்தது காயவும் நாளாகும். இரண்டும் சேர்ந்தால் மாதக்கணக்கு. கடன் தவணை அடுத்த மாதமே வந்துவிடும். மரம் காய்கிற வரைக்கும் தவணை காத்திருக்குமா? காத்திருக்காது. அப்போது தவணையை எதிலிருந்து கட்டுவீர்கள்? வேலைக் கூலியிலிருந்தா, பிள்ளை படிப்புக்கு வைத்த பணத்திலிருந்தா? ஒரு உறுப்பினர் தவணை நின்றால் குழுவுக்கே பெயர் கெடும்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். இது உதாரணத்துக்குத்தான். கரடாகக் கடைய ஒன்றுக்கு 30 ரூபாய், முடிக்க 30 ரூபாய் செலவு. மொத்தம் 60, அதனால் 80-க்கு விற்றால் 20 லாபம் என்று தோன்றும். ஆனால் 20 கரடு போட்டால் 10-தான் தேறியது, மற்றவை வெடித்தும் பஞ்சாகியும் போய்விட்டன என்று வைத்துக்கொள்வோம். 20 கரடுக்கு 600 ரூபாய், 10 முடிக்க 300 ரூபாய், ஆக 900. ஒரு சிமிழின் அடக்கவிலை 90. அதை 80-க்கு விற்றால் ஒவ்வொன்றிலும் 10 ரூபாய் நட்டம். கழிந்ததற்கும் சேர்த்துத்தான் விலை வைக்க வேண்டும்.

அப்படியானால் வேண்டாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரிசையை மாற்றுங்கள் என்கிறேன். முதலில் மரத்தைச் சேர்த்துப் பதப்படுத்துங்கள், அதற்குப் பெரிய செலவில்லை. பிறகு கட்டில் கால் கடைகிற பட்டறையில் பேசி, கூலி கொடுத்து முதல் 20 சாமான் கடையுங்கள். அங்கேயே கையும் பழகட்டும். அவற்றை விற்றுப் பாருங்கள். வாங்க ஆள் இருக்கிறது, கணக்கு நிற்கிறது என்று தெரிந்த பிறகு மெஷினுக்குக் கடன் கேளுங்கள். அப்போது கூட்டமைப்பு முழு மனதோடு பரிந்துரை செய்யும்.

"கடைசல் ஆம்பளை வேலையாச்சே" என்று ஒரு அக்கா கேட்டார்கள். கர்நாடகத்தில் சன்னபட்டணம் மரப் பொம்மைக்குப் பேர்போன ஊர், அங்கே பெண்களும் மெஷினில் கடைகிறார்கள். நம்ம அம்பாசமுத்திரம் மரச் சொப்பும் கடைசலில் வந்ததுதான். பலம் பெரிதில்லை. உளி கூராக இருக்க வேண்டும், கை நிதானமாக இருக்க வேண்டும்.

பாதுகாப்பு பற்றிக் கண்டிப்பாகச் சொல்கிறேன். முந்தானை, துப்பட்டா, அவிழ்ந்த பின்னல், கண்ணாடி வளையல் எதுவும் மெஷின் பக்கம் போகக் கூடாது. சுற்றுகிற மரம் துணியைப் பிடித்தால் ஆளையே இழுத்துவிடும். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே அறிவித்தது. இந்த மரத்தில் தூளோடு பூஞ்சையும் சேர்ந்து வரும். துணி கட்டினால் போதாது, கொரோனா காலத்தில் பார்த்த என்95 மாஸ்க் வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் கடைசல் பக்கம் போகாமல் கணக்கும் விற்பனையும் பார்க்கட்டும். அதுவும் வேலைதான், பங்கும் உண்டு.

சாப்பாடு வைக்கிற பாத்திரமாக இதை விற்காதீர்கள். அலங்காரத்துக்கு மட்டும் என்று சீட்டு ஒட்டுங்கள். புறம்போக்கு மரம், சாலையோரப் புளியமரம் எதிலும் கை வைக்காதீர்கள், அது அரசாங்கச் சொத்து. சொந்தப் பட்டா நிலத்தில் விழுந்த மாமரம் போதும்.

மூன்று குழுக்களும் அடுத்த கூட்டத்துக்குள் உட்கார்ந்து பேசுங்கள். யார் வீட்டில் மரம் கிடக்கிறது, யார் கடையப் போவது, யார் விற்கப் போவது, முதல் 20 சாமானுக்குச் சேமிப்பிலிருந்து எவ்வளவு எடுப்பது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கொண்டு வாருங்கள். கடன் மனுவை நான் கிழித்துப் போடவில்லை. கோப்பிலேயே பத்திரமாக இருக்கிறது. உங்கள் கணக்கு நோட்டு வந்ததும் இரண்டையும் சேர்த்து எடுப்போம்.