லயத்துக்குப் புகை மணி: எதை வாங்குவது, எங்கே பூட்டுவது

(தோட்ட மாதர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



டீச்சர் சம்பளத்தைப் பற்றிப் பேசுவார் என்று நினைத்து வந்திருப்பீர்கள். அதைத் தலைவர் பேசுவார். நான் பேச வந்தது என் கையில் இருக்கும் இந்த வட்டச் சாமானைப் பற்றி. புகை வந்தால் கத்தும் கருவி இது.

எங்கள் பாடசாலைப் பிள்ளை ஒன்றின் அண்ணன் கொழும்பில் கடையில் வேலை செய்கிறார். தீபாவளிக்கு வந்தபோது இப்படி ஒன்றை வாங்கி வந்தார். "டீச்சர், இது ஸ்மார்ட். வீட்டில் புகை வந்தால் கொழும்பில் இருக்கிற என் போனுக்கே செய்தி வரும்" என்றார். பூட்டித் தர நானும் போனேன். அது வைபை கேட்டது. வீட்டில் வைபை இல்லை, அப்பாவின் போனிலிருந்து இன்டர்நெட் கொடுத்தோம். அப்பா மலைக்குப் போனால் போனும் கூடவே போய்விடும் என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. அதைவிடப் பெரிய பிழை, கருவியை அடுப்புக்கு நேர் மேலே பூட்டியது. மறுநாள் விடிய நாலு மணிக்கு அம்மா ரொட்டி தட்ட மிலாறைப் பற்றவைத்தார், லயமே எழும்பிவிட்டது. மூன்றாம் நாள் பற்றரி சுவர் மணிக்கூட்டுக்குள் போய்விட்டது. அந்த அம்மா முன்வரிசையில்தான் இருந்து சிரிக்கிறார். பிழை அவருடையது இல்லை, என்னுடையது. அந்த வெட்கத்தில்தான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன்.

இதெல்லாம் பங்களாக்காரர் சாமான், நமக்கு எதற்கு என்று கேட்கலாம். லயத்தைப் பாருங்கள். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. ஒரே கூரைதான் முழு லயத்துக்கும். பல லயங்களில் நடுச்சுவர் கூரைவரை போய் முட்டுவதே இல்லை. ஒரு காம்பராவில் பிடித்த தீ கூரைக்கு அடியால் ஓடி அடுத்தடுத்த காம்பராவில் இறங்கும். பரணில் காய்ந்த விறகு, பழைய வயர், சாமிப்பட விளக்கு, ஒரே பிளக்கில் ரைஸ் குக்கரும் டீவியும். தீயணைப்பு வண்டி டவுனிலிருந்து நம் பாதையில் ஏறி வருவதற்குள் கூரை கீழே கிடக்கும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பிள்ளையின் கொப்பி எல்லாம் போன குடும்பங்களை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள், நானும் பார்த்திருக்கிறேன்.

தீ கண்ணுக்குத் தெரியும். தெரியாத ஒன்றும் இருக்கிறது. நான் ஏழாம் ஆண்டு படிக்கும்போது அக்காவுக்குக் குழந்தை பிறந்தது. ஜனவரிக் குளிர். தாய்க்கும் பிள்ளைக்கும் குளிர் படக்கூடாது என்று அம்மா ஜன்னல் இடுக்கிலெல்லாம் சாக்கை அடைத்து, பழைய பேசினில் கரி நெருப்பு அள்ளி உள்ளே வைத்தார். சாம்பிராணியும் போட்டார். விடியப்புறம் எனக்குத் தலை பிளந்தது, வாந்தி வந்தது. அக்காவை எழுப்பினால் எழும்பவில்லை. பெரட்டுக்குப் போக எழும்பிய அப்பா கதவைத் திறந்ததால் பிழைத்தோம். காற்றுச் சேட்டை என்று தாயத்துக் கட்டினார்கள்.

அது சேட்டை இல்லை. பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் இருக்கும் காபனோரொட்சைட்டு. நிறம் இல்லை, மணம் இல்லை. கரி தணலாக, புகையே இல்லாமல் கனியும்போதும் அது வரும். ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் பலமாக இரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். தூக்கத்தில் இருப்பவர் தூக்கத்திலேயே போய்விடுவார். ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலையிடி, வாந்தி, மயக்கம் என்றால் கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே கொண்டுவந்துவிட்டு 1990 அம்பியூலன்ஸை அழையுங்கள். தீ என்றால் 110. கரிச்சட்டியைக் கதவடைத்த காம்பராவுக்குள் வைக்கவே வேண்டாம், கருவி இருந்தாலும் வேண்டாம்.

இனி எதை வாங்குவது?

புகைக் கருவியும் காபனோரொட்சைட்டுக் கருவியும் வேறு வேறு. ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது. இரண்டும் சேர்ந்த கருவியும் கிடைக்கிறது. காஸ் சிலிண்டர் ஒழுகினால் இவை இரண்டுமே கத்தாது, அதற்கு வேறு கருவி. காஸ் காற்றைவிடப் பாரமானதால் அதைத் தரைக்குப் பக்கத்தில் வைக்கவேண்டும். 2021 கடைசியில் நாடு முழுவதும் காஸ் வெடித்த நேரம் பலர் பிழையான கருவியை வாங்கி வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

புகைக் கருவியில் ஒளியால் புகையைக் கண்டுபிடிக்கும் வகையைக் கேளுங்கள். மெத்தையோ துணியோ புகைந்து புகைந்து பிடிக்கும் தீயை அது சீக்கிரம் பிடிக்கும், ரொட்டி தட்டும் புகைக்குக் கொஞ்சம் குறைவாகக் கத்தும். பெட்டியில் ஈ.என். 14604 என்ற இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். காபனோரொட்சைட்டுக்கு ஈ.என். 50291. அந்தத் தரப்படி, காற்றில் பத்து இலட்சத்துக்கு 50 பங்கு வாயு இருந்தால் 60 முதல் 90 நிமிடத்துக்குள் கத்தவேண்டும், 300 பங்கு என்றால் மூன்று நிமிடத்துக்குள். இலக்கம் இல்லாத மலிவுச் சாமான் பொத்தானை அமுக்கினால் நன்றாகவே கத்தும். அது ஒலிபெருக்கியும் பற்றரியும் சரி என்று மட்டும்தான் சொல்லும், வாயுவைப் பிடிக்குமா என்று சொல்லாது. பின்பக்கத்தில் செய்த வருடத்தையும் பாருங்கள். புகைக் கருவியின் ஆயுள் பத்து வருடம், மற்றதற்குப் பெரும்பாலும் ஏழிலிருந்து பத்து. கடையில் மூன்று வருடம் தூசு பிடித்ததை வாங்கினால் மூன்று வருடம் நட்டம்.

பற்றரி உள்ளேயே அடைத்து வைத்த பத்து வருட வகைதான் நமக்கு நல்லது. கழற்றி மணிக்கூட்டுக்குப் போட முடியாது!

பூட்டுவது படுக்கும் காம்பராவில், கூரையின் நடுப்பக்கம். சீலிங் இல்லாத தகரக் கூரையில் தகரத்தோடு ஒட்டாமல், உச்சியிலிருந்து கொஞ்சம் கீழே வளையில் பூட்டுங்கள். தகரத்தில் வேர்க்கும் தண்ணீர் கருவிக்குள் சொட்டக்கூடாது. மூடுபனி இடுக்கால் வந்தாலும் சில நேரம் கத்தும், ஆகவே கதவோரம் வேண்டாம். அடுப்படிக்குப் புகைக் கருவியே வேண்டாம். அங்கே சூடு பார்க்கும் கருவி, 54 பாகைக்கு மேல் போனால் கத்துவது, பூட்டலாம். காபனோரொட்சைட்டுக் கருவி படுக்கையில் தலை இருக்கும் உயரத்தில் இருக்கட்டும், அடுப்பிலிருந்து ஒரு மீற்றருக்காவது தள்ளி.

ஸ்மார்ட் வேண்டுமா என்றால், என் பதில் வைபை வேண்டாம். சிக்னல் இல்லாத மலையில் கொழுந்து எடுக்கும் தாய்க்குச் செய்தி வந்து சேராது. கரண்ட் போனால் ரவுட்டரும் போகும். கொழும்பில் இருக்கும் மகன் போனைப் பார்த்துப் பதறலாம், தண்ணீர் ஊற்ற முடியாது. பக்கத்துக் காம்பரா அண்ணனை எழுப்பும் சத்தம்தான் தேவை. மூன்று மீற்றரில் 85 டெசிபல்.

ஆனால் ஒரு வசதிக்கு மட்டும் கூடுதல் காசு கொடுக்கலாம் என்பேன். ரேடியோ அலையால் ஒன்றோடொன்று பேசும் கருவிகள் இருக்கின்றன. வைபையும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். முதல் காம்பராவில் புகை வந்தால் கடைசிக் காம்பராவிலும் கத்தும். ஒரே கூரைக்குக் கீழே நான் மட்டும் பூட்டி என்ன பயன்? என் காம்பராவுக்குத் தீ வரும்போது கூரை முழுக்கப் பிடித்திருக்கும். எல்லாம் ஒரே வகையாக இருக்கவேண்டும், எத்தனை சேர்க்கலாம் என்று பெட்டியில் பார்க்கவேண்டும். ஆகவே ஆளுக்கொன்று வாங்காமல் லயமாக வாங்குவோம்.

காசு யார் கொடுப்பது? 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் என்று வர நாம் எத்தனை வருடம் கத்தினோம்! அதில் வெட்டி இதை வாங்குங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. லயம் நம் பெயரில் இல்லை. 1992இல் கம்பனிகள் பொறுப்பெடுத்த தோட்டங்களோடு லயங்களும்தான் போயின. வீடு யாருடையதோ, வயரும் கூரையும் மணியும் அவர்கள் பொறுப்பு என்று நாம் எழுத்தில் கேட்கவேண்டும். அந்தக் கடிதத்தில் முதல் வரி வயரிங், இரண்டாவது புகை மணி. பதில் வரும்வரை சும்மா இருக்கவும் முடியாது. மரண உதவிச் சங்கக் கையிருப்பிலிருந்து ஒரு லயத்துக்கு மட்டும் முதலில் வாங்கிப் பார்க்கலாம் என்று தலைவரிடம் கேட்டிருக்கிறேன். அவர் இன்னும் தலையாட்டவில்லை.

வருகிற ஞாயிறு காலை மேல் லயத்திலிருந்து தொடங்குவோம். எத்தனை காம்பரா, எத்தனை பேர் படுக்கிறார்கள், நடுச்சுவர் எங்கே நிற்கிறது, எந்த வயர் கறுத்திருக்கிறது என்று எழுதவேண்டும். பத்தாம், பதினோராம் ஆண்டுப் பிள்ளைகள் கொப்பியோடு வருவார்கள். ஏணி இருப்பவர்கள் கொண்டுவாருங்கள்.